சங்கிலியும் கணினியும்

2025-ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு மாலை. செபமாலை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயும் அவர் மகனும் பங்கு இல்லத்துத் திண்ணையருகே வந்து நின்றனர். தாய் கைம்பெண், வயல் கூலியாலும் நூறு நாள் வேலையாலும் இரு பிள்ளைகளை ஆளாக்கியவர். மகனுக்கு வயது 22. செஞ்சியில் திருமணப் படம் எடுக்கும் ஒருவரிடம் விளக்குப் பிடிக்கும் உதவியாளாய்ச் சேர்ந்து, மூன்றே ஆண்டுகளில் காமிராவையும் கையாளக் கற்றுக்கொண்டவன். அந்த அம்மா கழுத்துச் சங்கிலியை முந்தானையால் மூடியபடியே பேசினார்.

“சாமி, புள்ள கம்ப்யூட்டர் கேக்கறான். சங்கிலிய வெச்சி வாங்கிக் குடுத்துடலாமா? நீங்க சொன்னா சரி.”

மகன் ஒரு கடையின் விலைச்சீட்டை நீட்டினான். விளையாட்டுப் பிரியர்களுக்கென்று செய்யப்படும் மடிக்கணினி அது; விலை ரூ.1,20,000. தன் சேமிப்பு ரூ.20,000, ஒரு பவுன் சங்கிலியை அடகு வைத்து ரூ.40,000, மீதியை மாதம் ரூ.3,000 வீதம் 24 தவணைகளில் கட்டிவிடலாம் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தான். அவன் ஆசையில் நியாயம் இருந்தது. முதலாளி ஆல்பம் செய்யும் வேலையையும் வீடியோ எடிட்டிங்கையும் வெளியூருக்குக் கொடுத்தனுப்புகிறார். சொந்தமாகக் கணினி இருந்தால் அவ்வேலையை அவனுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். அவ்வாண்டு சூலை 11-ஆம் நாள்தான், மராட்டியர் இராணுவ நிலவமைப்பு என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாய் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. இனி இவ்வூருக்குப் படம் எடுக்க வருவோர் பெருகுவர் என்று அந்த இளைஞன் எண்ணியது பிழையன்று.

எனினும் நாம் அன்று மாலை விடை சொல்லவில்லை. “நாளை வாருங்கள் அம்மா” என்று அனுப்பிவிட்டோம். தயக்கத்திற்குக் காரணம் உண்டு. கணினி வாங்கித் தவறிய கதை ஒன்று நம்மிடமே இருந்தது. அதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன், அயல்நாட்டில் வாழும் பங்குக் குடும்பம் ஒன்று திருவிழா நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து பாதுகாக்கவென்று ரூ.65,000 நன்கொடை அனுப்பியது. தத்துவமும் இறையியலும் பயின்ற நமக்குக் கணினியைப்பற்றி என்ன தெரியும்? கடைக்குச் சென்றோம், திரையும் பெட்டியும் ஒன்றாய் அமைந்த, வெள்ளை நிறத்துப் பெரிய கணினி ஒன்றின் அழகில் மயங்கினோம், வாங்கி வந்தோம். உள்ளே இருந்தது 4 ஜி.பி. ராமும், பழைய வகைச் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் மட்டுமே. கடிதம் தட்டச்சுச் செய்ய அது போதும். வீடியோவைத் திறந்தால், ஏற்றம் ஏறும் மாட்டு வண்டியைப்போல் நின்று நின்று நகரும்.

அதைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அதன்பின் நடந்ததுதான் வேதனை. நம் முதிய உபதேசியாரை இரண்டு மணி நேரம் பேச வைத்துப் பதிவு செய்திருந்தோம். சைக்கிளும் இல்லாத நாட்களில் பழைய குருக்களோடு ஊர் ஊராய் நடந்ததையும், பஞ்ச காலத்தில் கஞ்சி காய்ச்சியதையும், தம் மனைவியின் மறைவையும் அவர் மனம் திறந்து சொன்ன பதிவு அது. அதைக் கணினிக்கு மாற்றிவிட்டு, திருவிழாவிற்கு வேண்டுமென்று காமிரா அட்டையை அழித்துவிட்டோம். வேறு பிரதி எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்றே நமக்குத் தோன்றவில்லை. மூன்றாம் வாரம் அந்த ஹார்ட் டிஸ்க் பழுதாயிற்று. பழுது பார்ப்போரிடம் கொடுத்தும் ஒன்றும் மீளவில்லை. அவ்வாண்டுத் திருவருகைக் காலத்தில் உபதேசியார் மறைந்தார். அடக்கத்திற்கு வந்த அவர் மகள், “அப்பா பேசினது உங்ககிட்ட இருக்குதாமே சாமி?” என்று கேட்டபோது, நாம் தலைகுனிந்து நின்றோம். அவர் குரல் இன்று எங்கும் இல்லை. அதற்குப் பின்னரே, அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும், இப்பொருளைச் சிறிது சிறிதாகக் கற்கலானோம்.

மறுநாள் தாயும் மகனும் வந்தபோது, ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டோம். கோபுரம் கட்டப் புறப்படுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமையை எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். அதை நோட்டில் எழுதிப் பார்த்தது அன்றுதான்.

முதற் கேள்வி, வருமானம் எப்போது வரும் என்பது. தவணை மாதந்தோறும் தவறாமல் வாயிலில் வந்து நிற்கும். திருமண வருமானமோ அப்படி வருவதன்று. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. நம் குடும்பங்களில் தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் பெரும்பாலும் திருமணம் நடப்பதில்லை. ஆக, ஆண்டில் பல மாதங்கள் கை வறண்டிருக்கும். அந்த மாதங்களில் ரூ.3,000 எங்கிருந்து வரும்? தம்பி நெடுநேரம் பேசவில்லை. “அம்மாவின் கூலியிலிருந்துதான் ஃபாதர்” என்று இறுதியில் மெல்லச் சொன்னான். தவணையில் வாங்கும் எண்ணம் அங்கேயே முடிந்தது.

இரண்டாம் கேள்வி, செய்யப்போகும் வேலை எது என்பது. பாதிக்குமேல் புகைப்பட ஆல்பம், மீதி, எச்.டி. அளவிலான திருமண வீடியோ; எப்போதாவது 4கே. இந்த அளவுகளின் பொருளை வாசகர்கள் அறிந்துகொள்வது நன்று. எச்.டி. படம் ஒன்றில் 1,920-க்கு 1,080 என்ற கணக்கில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள் உண்டு. 4கே படத்தில் 3,840-க்கு 2,160. அதாவது சரியாக நான்கு மடங்கு. ஒரு நொடி வீடியோவில் இத்தகைய படங்கள் 25 அல்லது 30 ஓடுகின்றன. அவ்வளவையும் முழுமையாய்ச் சேமிக்க இடம் போதாது. எனவே காமிரா சில படங்களை மட்டும் முழுதாய் வைத்துக்கொண்டு, மற்றவற்றிற்கு முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் குறித்து வைக்கிறது. கணினி ஒவ்வொரு முறையும் அக்குறிப்புகளிலிருந்து முழுப் படத்தைத் திரும்பக் கட்டி எழுப்பவேண்டும். எடிட்டிங்கின் பாரம் பெரிதும் இதுவே.

மூன்றாம் கேள்வி, அந்தப் பாரத்தைச் சுமக்க எந்த உறுப்பு வேண்டும் என்பது. நம் நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறோம்.

பிராசஸர் கணினியின் மூளை. இன்டெல் நிறுவனத்தின் பிராசஸர்களில், சுருக்கப்பட்ட வீடியோவை விரைவாய் விரிக்கும் தனிப்பகுதி ஒன்று 2011 முதல் உண்டு. ஆனால் அது பிராசஸருக்குள்ளேயே அமைந்த கிராபிக்ஸோடு சேர்ந்தது. பெயரின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அந்தக் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். சில நூறு ரூபாய் மலிவு என்று அதை வாங்குவோர் இந்த வசதியை இழந்துவிடுவர். ‘ஐ7’ என்ற பெயரைக் கண்டும் மயங்கலாகாது. எத்தனையாவது தலைமுறை என்பதே கேள்வி. நான்காம் தலைமுறை ஐ7-4770-இல் இருப்பவை நான்கு கருக்கள். எட்டாம் தலைமுறை ஐ5-8500-இல் ஆறு. பேரப்பிள்ளை பாட்டனைவிட விரைந்து ஓடுவான் அன்றோ?

ராம் என்பது வேலை மேசை. மேசை சிறிதானால் ஒன்றை எடுக்க மற்றொன்றைக் கீழே வைக்கவேண்டும். இவ்வேலைக்கு 16 ஜி.பி. வேண்டும், 8 ஜி.பி.யில் காலம் தள்ளலாம், களைத்துப் போவோம்.

எஸ்.எஸ்.டி. என்பது சுழலாத சேமிப்பகம். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு, இருநூறு எம்.பி. அளவே படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஐந்நூறுக்குமேல் படிக்கும், என்.வி.எம்.இ. வகையோ ஆயிரக்கணக்கில் படிக்கும். பழைய கணினி ஒன்றுக்கு உயிர் கொடுக்க விரும்புவோர் முதலில் மாற்றவேண்டியது இதைத்தான்.

திரையைப் பலர் மறந்துவிடுகின்றனர். விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றின் திரை, நிறங்களை முழுமையாகக் காட்டுவதில்லை. அதில் பார்த்துத் திருத்திய படத்தை அச்சிட்டால், மணப்பெண்ணின் அரக்குப் புடவை வேறு நிறத்தில் வந்து நிற்கும். குற்றம் படம் பிடித்தவன் தலையில் விழும். ஐ.பி.எஸ். வகைத் திரையாகவும், எஸ்.ஆர்.ஜி.பி. எனப்படும் நிற வரம்பைப் பெரும்பாலும் முழுமையாகக் காட்டுவதாகவும் இருக்கவேண்டும்.

இத்தனையும் எழுதிய பின், மடிக்கணினியா மேசைக் கணினியா என்ற கேள்விக்கு விடை தானே வந்தது. தம்பி வேலை செய்யப்போவது வீட்டில். மடிக்கணினியின் விலையில் ஒரு பகுதி, தூக்கிச் செல்லும் வசதிக்காகக் கொடுப்பது. மேலும், பாறைக் குன்றுகள் சூழ்ந்த நம் ஊரின் கோடையை அறிவோம். உள்ளே வெப்பம் ஏறும்போது மடிக்கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள பெட்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. பின்னாளில் உறுப்புகளை மாற்றுவதும் எளிது.

ஒரு வாரம் கழித்து மூவருமாகத் திண்டிவனம் வழியே சென்னைக்குப் பேருந்து ஏறினோம். அண்ணா சாலைக்கு அருகிலுள்ள ரிச்சி தெருவில், பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த கணினிகள் விற்பனைக்கு வரும். கழித்தவை என்றாலும் இழிந்தவை அல்ல. குளிரூட்டிய அறையில், அலுவல் நேரத்தில் மட்டும் உழைத்தவை. முதற் கடையில் ‘ஐ7’ என்ற ஒட்டு பளபளக்கும் கணினி ஒன்றை மிக மலிவாய்க் காட்டினர். பார்த்தால் நான்காம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுறவிருந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட கணினிகளுள் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்கு முறைப்படி தகுதியற்றவை. அவ்வகைக் கணினிகள் அப்போது சந்தையில் மலிந்து கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தம்பி தான் எடுத்த திருமண வீடியோ ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தான். கடை கடையாய் அதையே ஓட்டிப் பார்த்தோம். கடைக்காரரின் சொல்லைவிட இச்சோதனை நம்பத்தக்கது. மூன்றாம் கடையில் மனம் அமைதியுற்றது. வாங்கியவற்றின் கணக்கு இது:

ஐ5-8500 பிராசஸரும் 8 ஜி.பி. ராமும் உள்ள பயன்படுத்திய கணினி — ரூ.17,000
கூடுதலாக 8 ஜி.பி. ராம் — ரூ.2,500
500 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. — ரூ.3,500
பயன்படுத்திய ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்டு — ரூ.8,000
22 அங்குல ஐ.பி.எஸ். மானிட்டர், புதிது — ரூ.7,500
யு.பி.எஸ். — ரூ.3,000
2 டி.பி. வெளி ஹார்ட் டிஸ்க் — ரூ.6,500
ஆக மொத்தம் — ரூ.48,000

கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்ததிலும் ஒரு கவனம் வேண்டியிருந்தது. அலுவலகக் கணினிகளின் மின்வழங்கி சிறியது. பெரிய கார்டைத் தாங்காது. ஜி.டி.எக்ஸ். 1650 ஏறக்குறைய 75 வாட் மட்டுமே கேட்பது. அவ்வகையில் பல கார்டுகளுக்குத் தனி மின்கம்பி தேவையில்லை. பெட்டியின் அளவுக்குப் பொருந்துகிறதா என்றும் அங்கேயே மாட்டிப் பார்த்தோம். இன்று இதே விலைகளை எதிர்பார்த்துச் செல்லவேண்டாம். செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்கு நினைவகச் சில்லுகள் பெருமளவில் தேவைப்படுவதால், 2025-இன் இறுதியிலிருந்து ராம், எஸ்.எஸ்.டி. விலைகள் உலகெங்கும் ஏறின. ஆயினும் கணக்கிடும் முறை மாறாது.

அம்மா சங்கிலியை அடகு வைத்தார், ஆனால் ரூ.28,000-க்கு மட்டும். தவணைச் சீட்டு எதிலும் கையெழுத்திடவில்லை.

அடுத்து மென்பொருள். திருட்டுப் பிரதியை ஐம்பது ரூபாய்க்கு ஏற்றித் தருவதாகச் சிலர் சொன்னார்கள். பிறர் உழைப்பைத் திருடுவது தவறு என்பது ஒருபுறம். அவற்றோடு வைரசும் வரும் என்பது மறுபுறம். இரண்டுக்கும் அவசியமே இல்லை. வீடியோவிற்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு உண்டு. கேடன்லைவ் என்ற கட்டற்ற மென்பொருளும் உண்டு. படங்களுக்கு ஜிம்ப், டார்க்டேபிள் இருக்கின்றன. ஜிம்ப் என்பது 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் இரு மாணவர்கள் தொடங்கியது. இலவசம் என்றால் இளப்பம் என்று எண்ணவேண்டாம். 2025 மார்ச்சில் ஆஸ்கார் விருது பெற்ற ‘ஃப்ளோ’ என்ற லாத்விய அசைவூட்டத் திரைப்படம், பிளெண்டர் என்ற கட்டற்ற மென்பொருளால் உருவானது. நம் மாவட்டத் தலைநகரிலேயே, விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு என்ற பெயரில், கட்டற்ற மென்பொருளை மாணவர்க்குக் கற்றுத்தரும் இளைஞர்கள் இருக்கின்றனர்.

குறை இல்லாமலும் இல்லை. 4கே வீடியோவைத் திறந்தபோது கணினி தடுமாறியது. “ஏமாந்துட்டோமா ஃபாதர்?” என்று தம்பி முகம் வாடி வந்தான். இதற்கும் வழி உண்டு. பெரிய வீடியோவிற்குச் சிறிய நகல் ஒன்றை மென்பொருளே உண்டாக்கும், பிராக்ஸி என்பர். வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த நகலில். இறுதியில் வெளிவருவது அசலின் தரத்தில். நகல் உண்டாக இரவு முழுதும் ஆகலாம். ஆகட்டுமே, அந்நேரம் தம்பி உறங்கலாம்.

பிரதி எடுப்பதைமட்டும் நாம் கட்டளையாகவே சொன்னோம். நொடிக்கு 50 மெகாபிட் அளவில் பதிந்த வீடியோ மணிக்கு 22.5 ஜி.பி. இடம் கொள்ளும். இரு காமிராக்களுமாக ஆறு மணி நேரப் பதிவு என்றால் ஒரு திருமணத்திற்கு 135 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் மூன்று திருமணங்களுக்குமேல் தங்காது, 2 டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் பதினான்கு தங்கும். எதற்கும் மூன்று பிரதிகள்; இரு வேறு சாதனங்களில்; ஒன்று வேறு இடத்தில்; இதுவே அறிந்தோர் சொல்லும் விதி. காமிரா அட்டையை அழிப்பது அதற்குப் பின்னரே. முதல் வருமானத்தில் தம்பி இரண்டாம் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினான். அது நம் பங்கு இல்லத்து இரும்புப் பெட்டியில், ஞானஸ்நானப் பதிவேடுகளின் அருகில் இருக்கிறது. வாரந்தோறும் வந்து புதியவற்றைச் சேர்த்துவிட்டுப் போகிறான். அவன் வரும்போதெல்லாம் நமக்கு உபதேசியாரின் நினைவு வரும்.

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராசகிரியின் உயரத்தையும் கல்யாண மகாலின் அழகையும் படம் எடுக்கின்றனர். 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகைக்கு இக்கோட்டை தாக்குப்பிடித்தது வாயில்களின் தோற்றத்தால் மட்டும் அன்று. உள்ளே களஞ்சியங்கள் இருந்தன. குளங்களும் சுனைகளும் இருந்தன. கணினி வாங்கப் போகும் பிள்ளைகளும் பெற்றோரும் அந்தக் களஞ்சியத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். ஒளிரும் விசைப்பலகைக்கும் ஒட்டிய பெயருக்கும் கொடுக்கும் பணத்தை, உள்ளே இருந்து உழைப்பதற்குக் கொடுங்கள். என்ன வேலை, எப்போது வருமானம், எவ்வளவு தாங்கும் என்ற மூன்றையும் வீட்டில் அனைவரும் உட்கார்ந்து எழுதிப் பார்த்த பின்னரே கடைப்படி ஏறுங்கள். வீட்டில் ஏற்கெனவே பழைய கணினி ஒன்று இருந்தால், எஸ்.எஸ்.டி.யும் ராமும் மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு புதிதை நினையுங்கள்.

தை முகூர்த்தங்கள் முடிந்து தவக்காலம் தொடங்கிய முதல் ஞாயிறன்று, திருப்பலி முடிந்ததும் அந்த அம்மா வந்து வணங்கினார். மகனைப்பற்றியோ கணினியைப்பற்றியோ ஒன்றும் பேசவில்லை. “வெயிலு இப்பவே ஏறுது சாமி, ஒடம்ப பாத்துக்குங்க” என்றுமட்டும் சொன்னார். அன்று முந்தானை கழுத்தை மூடியிருக்கவில்லை. சங்கிலி கழுத்தில் இருந்தது.